இரவு இரண்டு மணிக்கு யார் போனை எடுப்பார்கள்? கடைசிகாலப் பராமரிப்பில் மூன்று வழிகள், ஓர் ஒப்பீடு

அப்பாவுக்கு வாய்ப்புற்று. ரேடியேஷன், கீமோ எல்லாம் முடிந்த பிறகு கன்னத்தில் கட்டி மறுபடியும் வந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிந்தது. "இனிமே வீட்டுல வெச்சுப் பார்த்துக்குங்க" என்று சொல்லி ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். வலிக்கென்று அதில் இருந்தது பாராசிட்டமாலும் டிராமடாலும்தான்.

எங்கள் ஊர் செங்கல்பட்டு தாண்டி ஒரு கிராமம். வீட்டில் அம்மாவும் நானும். அண்ணன் கோவையில். அந்தத் தாளோடு வீடு வந்த நாளிலிருந்து பதினோரு வாரம் அப்பா இருந்தார். அதற்குள் காசு கொடுத்து அமர்த்தும் ஹோம் நர்ஸிங், தீராத நோயின் வலியையும் அவதியையும் குறைக்க வீட்டுக்கே வரும் பாலியேட்டிவ் (ஆதரவு சிகிச்சை) குழு, அப்படிப்பட்டவர்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஹாஸ்பிஸ் இல்லம் என்று மூன்றையும் பார்த்துவிட்டோம். எதை வைத்துத் தேர்வு செய்வது என்று ஆரம்பத்தில் எங்களுக்குச் சொல்ல ஆளில்லை. இதே நிலையில் இன்று இருக்கும் யாருக்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கேர் அமைப்பு, நோயாளி இறந்த பிறகு குடும்பத்தாரிடம் கேள்விகள் கேட்டு, ஒவ்வொரு ஹாஸ்பிஸுக்கும் கிடைத்த மதிப்பெண்ணை எல்லோரும் பார்க்கும்படி வெளியிடுகிறது. மாலையிலும் வார இறுதியிலும் விடுமுறை நாளிலும் கேட்ட உதவி கிடைத்ததா என்பது அந்தக் கேள்விகளில் ஒன்று. நம் நாட்டில் அப்படிப் பார்த்துக்கொள்ள ஒரு பட்டியல் கிடையாது. நாமேதான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். என்ன கேட்க வேண்டும் என்பதை நான் கற்றுக்கொண்டது ஓர் இரவில்.

அந்த இரவு

முதலில் அமர்த்தியது ஏஜென்சி. விளம்பரத்தில் "24 மணி நேர சேவை" என்று இருந்தது. ஆளும் 24 மணி நேரம் இருந்தார், அதில் குறையில்லை. குளிப்பாட்டினார், படுக்கை மாற்றினார், மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் ரைல்ஸ் டியூபில் கஞ்சி ஊற்றினார். ஐந்தாம் நாள் இரவு இரண்டு மணி வாக்கில் அப்பா இரண்டு கையாலும் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். வாயைத் திறக்க முடியாது என்பதால் சத்தம் வரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் வழிந்துகொண்டிருந்தது. அந்தப் பையன் பதறிப்போனான். அவனிடம் கொடுக்க மருந்தும் இல்லை, கொடுக்க அதிகாரமும் இல்லை. ஏஜென்சி எண்ணில் ஒரு பெண் எடுத்து, "டாக்டர் காலையில பத்து மணிக்கு வருவார் மேடம்" என்றார். காலை வரை எட்டு மணி நேரம்.

அடுத்த வாரத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்தின் வீட்டுப் பராமரிப்புக் குழு வந்தது. டாக்டரும் நர்ஸும் வாரம் ஒருமுறை வேனில் வருவார்கள். இரவுக்கென்று ஒரு போன் நம்பரைக் காலண்டர் அட்டையின் பின்னால் பெரிதாக எழுதிவிட்டுப் போனார்கள். அதே வலி, அதே இரண்டு மணி, மறுபடியும் வந்தது. மூன்றாவது ரிங்கிலேயே நர்ஸ் போனை எடுத்துவிட்டார். "நான் தனியா ஒரு டப்பாவுல குடுத்தேன்ல, அதுல ஒண்ணை எடுத்துப் பொடி பண்ணித் தண்ணியில கரைச்சு டியூப்ல விடுங்க. அரை மணி நேரத்துல நானே கூப்பிடுறேன்." இரண்டு நாற்பதுக்கு அவரே கூப்பிட்டார். அப்பாவின் பிடி தளர்ந்து தூங்க ஆரம்பித்திருந்தார்.

ஆள் பக்கத்தில் இருப்பதும் வலிக்கு வழி இருப்பதும் வெவ்வேறு என்று அன்றுதான் புரிந்தது. பத்தடி தூரத்தில் படுத்திருந்தவரால் முடியாததை, இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தவர் போனிலேயே செய்தார். முன்கூட்டியே மருந்தைக் கொடுத்து வைத்திருந்ததுதான் காரணம்.

ஹாஸ்பிஸ் இல்லத்தில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. இரவு நர்ஸ் விழித்திருப்பார், மருந்து அலமாரி பக்கத்திலேயே இருக்கும். இரவை மட்டும் வைத்துப் பார்த்தால் இல்லத்துக்குத்தான் முதலிடம். முன்கூட்டி மருந்து கொடுத்துவைத்து, போன் எடுக்கும் குழு அதற்கு மிக அருகில் வரும். அப்படிச் செய்யாத குழுவும் இருக்கலாம். ஆகவே சேரும் முன்பே கேளுங்கள்: "ராத்திரி வலி வந்தா நாங்க என்ன செய்யணும், யாரைக் கூப்பிடணும்?" பதில் உடனே, தெளிவாக வர வேண்டும். "108-ஐக் கூப்பிடுங்க" என்பதே முழுப் பதிலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.

மார்ஃபின் இருக்கிறதா?

போனில் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான். கேட்கக் கூச்சமாக இருக்கும், பரவாயில்லை.

1985-ல் வந்த போதைப்பொருள் தடுப்புச் சட்டம், அபினிலிருந்து எடுக்கும் கடும் வலி மருந்தான மார்ஃபினுக்கு ஏகப்பட்ட உரிமங்களைக் கேட்டதால், மருத்துவமனைகள் பலவும் அதை வைத்திருப்பதையே விட்டுவிட்டன. 2014-ல் சட்டத்தைத் திருத்தி, மார்ஃபின், ஃபென்டனில் உட்பட ஆறு மருந்துகளை அத்தியாவசியப் பட்டியலில் சேர்த்து நடைமுறையை எளிதாக்கினார்கள். இப்போது அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம் என்ற ஒரே அனுமதி போதும். அதை வாங்கிய இடத்தில் மருந்து இருக்கும். தெருமுனை மெடிக்கலில் தேடினால் கிடைக்காது.

எங்கள் ஏஜென்சிக்கு அந்த அங்கீகாரம் இல்லை. அவர்கள் கைகாட்டிய டாக்டர் ஃபென்டனில் பட்டை எழுதிக் கொடுத்தார். தோலில் ஒட்டினால் மூன்று நாள் வேலை செய்யும், விழுங்க முடியாதவர்களுக்கு நல்ல மருந்துதான். ஆனால் ஒட்டி அரை நாள் கழித்துத்தான் பிடிக்கும், திடீர் வலிக்கு உதவாது, விலையும் அதிகம். மார்ஃபின் மாத்திரையோ சில ரூபாய்தான். பொடித்து டியூபில் விடலாம். அளவைக் கூட்டிக் குறைத்துப் பார்ப்பதும் சுலபம்.

தொண்டு நிறுவனக் குழு மருந்து எழுதிய விதத்திலேயே அனுபவம் தெரிந்தது. வலி வந்த பிறகு கொடுப்பது என்றில்லாமல் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, கடிகாரம் பார்த்து. இரவு பத்து மணிக்கு இரட்டை அளவு, நடுராத்திரியில் எழுப்ப வேண்டாம் என்பதற்காக. இடையில் வலி வந்தால் கொடுக்கத் தனி டப்பா. கூடவே மலமிளக்கி. மார்ஃபினால் வரும் தூக்கமும் குமட்டலும் சில நாளில் தணிந்துவிடும், மலச்சிக்கல் மட்டும் போகாது. மலமிளக்கி இல்லாமல் மார்ஃபினை மட்டும் எழுதித் தரும் இடம் இந்த வேலைக்குப் புதிது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அம்மாவுக்குப் படிக்க வராது என்பதால் நர்ஸ் ஒரு தாளில் சூரியன், உச்சி வெயில், விளக்கு, நிலா என்று வரைந்து ஒவ்வொன்றுக்கும் கீழே மாத்திரை வட்டங்கள் போட்டுக் கொடுத்தார். சுவரில் அது இன்னும் இருக்கிறது.

"மார்ஃபின் குடுத்தா சீக்கிரம் போயிடுவாரா?" என்று அம்மா கேட்டாள். ஏஜென்சிப் பையனுக்கும் அதே பயம் இருந்தது. குழுவின் டாக்டர் திண்ணையில் உட்கார்ந்து, வலிக்குத் தகுந்த அளவில் கொடுத்தால் அது உயிரைக் குறைக்காது, இவ்வளவு வலியில் இருப்பவர் அதற்கு அடிமையாகிவிடுவார் என்ற பயமும் வேண்டாம் என்று இரண்டு தடவை சொன்னார். முதல் தடவை அம்மா தலையாட்டினாள். இரண்டாவது தடவைதான் நம்பினாள். இப்படி உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்குகிறார்களா என்பதையும் கவனியுங்கள்.

புண்ணும் வாடையும்

இதைப் பற்றி யாரும் வெளியே பேசுவதில்லை. வெடித்த புற்றுப் புண்ணின் வாடை வீடு முழுக்கப் பரவும். அம்மா நாள் முழுக்கச் சாம்பிராணி போட்டுக்கொண்டிருந்தாள். அண்ணன் மகள் தாத்தா பக்கம் வரவில்லை. அப்பாவுக்கு அது தெரிந்தது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்க ஆரம்பித்தார்.

குழு நர்ஸ் செய்தது சாதாரண வேலைதான். கிருமியைக் கொல்லும் மெட்ரோனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவினார். இரண்டு மூன்று நாளில் வாடை பெரும்பாலும் அடங்கிவிட்டது. பழைய வேட்டியைச் சதுரம் சதுரமாக வெட்டி, பாத்திரத்தில் மூடி, குக்கரில் வைத்து ஆவியில் அவித்தெடுத்துப் பயன்படுத்தச் சொல்லிக்கொடுத்தார். கடையில் வாங்கும் கட்டுத் துணிக்குச் செலவே இல்லை. ஏஜென்சியில் டிரெஸ்ஸிங்குக்குத் தனிக் கட்டணம். வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டே கட்டினார்.

ஆறாவது வாரம் புண்ணில் புழு வைத்துவிட்டது. ரத்தமும் கசிந்தது. அம்மா உடைந்துபோனாள், என்னாலும் முடியவில்லை. இங்கேதான் வீட்டுப் பராமரிப்பின் எல்லை வந்தது. குழுவே பேசி ஹாஸ்பிஸ் இல்லத்தில் இடம் வாங்கிக் கொடுத்தது. அங்கே ஒரு சிஸ்டர் டர்பென்டைன் எண்ணெய் நனைத்த துணியைப் புண்ணின் ஓரத்தில் வைத்து, வெளியே வந்த புழுக்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்தார். முதல் நாள் முக்கால் மணி நேரம். அப்பாவின் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, நடுநடுவே "இன்னும் கொஞ்சம்தான்பா" என்று பேசிக்கொண்டே செய்தார். வேலைக்கு முன்பே கூடுதல் மார்ஃபின் கொடுத்திருந்தார்கள். நான்கு நாளில் புண் சுத்தமானது. வீட்டில் யாராலும் இதைச் செய்திருக்க முடியாது.

உண்மையைப் பேசுவது

அப்பாவிடம் எதையும் சொல்லக் கூடாது என்று மூன்று தரப்பிடமும் கேட்டுக்கொண்டோம். ஏஜென்சி உடனே சரி என்றது. இல்லத்தின் டாக்டர் சரி என்றும் சொல்லவில்லை, எங்களைக் கண்டிக்கவும் இல்லை. அப்பாவின் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, "உங்களுக்கு என்ன நடக்குதுன்னு நீங்க நினைக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுக் காத்திருந்தார். அப்பா சிலேட்டில் எழுதினார்: "எனக்குத் தெரியும். இவங்களுக்குச் சொல்லாதீங்க."

அதன் பிறகு நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அழுதோம். அப்பா நிலப் பத்திரம் எங்கே இருக்கிறது, யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்றெல்லாம் எழுதிக் காட்டினார். கடைசி வாரங்களை வீட்டில் கழிக்கவே விரும்பினார், வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

செலவும் தூரமும்

ஏஜென்சிக்கு முழு நாள் ஆளுக்கு நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆனது. மருந்தும் டாக்டரும் தனி. சென்னை ஜீவோதயா, பெங்களூரு கருணாஸ்ரயா போன்ற ஹாஸ்பிஸ் இல்லங்கள் இலவசமாகவே பார்த்துக்கொள்கின்றன. அப்பா இருந்த இல்லத்திலும் ஒரு ரூபாய் வாங்கவில்லை. ஆனால் இல்லங்கள் குறைவு, படுக்கைக்குக் காத்திருக்க நேரலாம். புற்றுநோயாளிகளை மட்டும் சேர்க்கும் இடங்கள் உண்டு. சிறுநீரகம் செயலிழந்தவர், பக்கவாதத்தில் படுத்தவர் என்றால் முதலில் விசாரித்துவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் சேவை எல்லா ஊரிலும் ஒரே அளவில் இல்லை. கோழிக்கோட்டில் 1993-ல் டாக்டர் எம்.ஆர்.ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ்குமாரும் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய பாலியேட்டிவ் சங்கம் அக்கம்பக்கத்துத் தன்னார்வலர்களைக் கொண்டு பரவி, 2008-ல் கேரள அரசின் கொள்கையாகவே ஆனது. அங்கே பஞ்சாயத்து நர்ஸ் வீடு தேடி வருகிறார். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இந்த ஆதரவு சிகிச்சையும் பிசியோதெரபியும் உண்டு. தொண்டு நிறுவனக் குழு வராத நாட்களில் அந்தத் திட்டத்தின் நர்ஸ்தான் பகலில் வந்து டியூப் மாற்றினார், படுக்கைப் புண் வராமல் அப்பாவைத் திருப்பிப் படுக்கவைக்க எனக்குக் கற்றுக்கொடுத்தார். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள், முதல் வேலையாக.

தனியார் மருத்துவமனையின் ஐசியு நான்காவது வழி. நாங்கள் போகவில்லை. மூச்சு திணறினால் வென்டிலேட்டர் வேண்டாம் என்று அப்பாவே எழுதிக் காட்டிவிட்டார். இதை முறையாகவே எழுதி வைக்கலாம். உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் உயில் போன்ற அந்த முன்மருத்துவ அறிவுறுத்தலை ஏற்றது. 2023 ஜனவரியில் விதிகளைத் தளர்த்தியது. இப்போது இரண்டு சாட்சிகளோடு நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன் கையெழுத்துப் போட்டால் போதும்.

என்னைக் கேட்டால், வலி கட்டுக்குள் இருந்து வீட்டில் மாற்றி மாற்றிப் பார்க்க இரண்டு பேராவது இருந்தால், போன் எடுக்கும் வீட்டுக் குழு. பெரிய புண், அடங்காத வலி, மூச்சுத்திணறல், அல்லது பார்ப்பவர் ஒருவர்தான் என்றால் இல்லம், சில நாளுக்காவது. அங்கே போனால் திரும்ப முடியாது என்பது தவறான எண்ணம், அப்பா பன்னிரண்டு நாளில் திரும்பினார். ஏஜென்சியை ஒதுக்கச் சொல்லவில்லை. தூக்கவும் திருப்பவும் கை வேண்டும், அதற்கு அவர்கள் உதவுவார்கள். சிகிச்சைக்கு அவர்களை மட்டும் நம்பாதீர்கள்.

போன பிறகு

அப்பா ஒரு விடியற்காலையில், வலியில்லாமல், அம்மாவின் கையைப் பிடித்தபடி போனார். ஏஜென்சியிலிருந்து அதற்கு முன்பே பாக்கித் தொகைக்கான பில் வந்திருந்தது, அவ்வளவுதான். இல்லத்து சிஸ்டர் போனில் பேசினார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு முந்தின நாள் குழு நர்ஸ் வந்தார். மீதி மார்ஃபினை எண்ணினார். இருபத்து மூன்று மாத்திரை. நோட்டில் எழுதி என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு பையில் வைத்தார். அந்த வேலை முடிந்தும் கிளம்பவில்லை. அடுப்படியில் அம்மாவோடு தரையில் உட்கார்ந்து, "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. மாத்திரை குடுக்கணுமேன்னு எழுந்திரிச்சுடுறேன்."

"அப்ப எனக்குப் போன் பண்ணுங்க."

அம்மா அந்த மாதத்தில் இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் எடுத்தார்கள்.