டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ்ஸா, வீட்டு இன்வெர்ட்டரா?

எட்டு வருடமாக வீட்டில் டெஸ்க்டாப் வைத்துக் கணக்கு எழுதும் வேலை பார்க்கிறேன். முதல் நான்கு வருடம் 600 விஏ (தாங்கும் லோடின் அளவு) யுபிஎஸ், அப்புறம் இன்றுவரை சைன் வேவ் (வீட்டுக் கரண்ட் போலவே சீரான அலையில் மின்சாரம் தரும்) இன்வெர்ட்டரும் 150 ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரியும். என் ஓட்டு இன்வெர்ட்டருக்குத்தான்.

விலையில் யுபிஎஸ் ஜெயித்துவிடும். எனக்கு அது 3,000 சொச்சம், இன்வெர்ட்டரும் பேட்டரியும் சேர்ந்து 24,000 ஆனது. தாங்கும் நேரத்தில் இன்வெர்ட்டர் பக்கத்தில் கூட யுபிஎஸ் வராது. உள்ளே இருப்பது 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, கணினியும் மானிட்டரும் 130 வாட் இழுத்தால் புதிதாக இருக்கும்போதே கால் மணி நேரம்தான். ஃபைலை சேவ் செய்து அணைக்க அது போதும், மாதாந்திர ஷட்டவுன் அன்று உட்கார்ந்து வேலை பார்க்கப் போதாது.

என் முடிவை மாற்றியது பேட்டரி பராமரிப்பு. யுபிஎஸ்ஸில் பராமரிப்பே இல்லை என்று சொல்லித்தான் விற்பார்கள், உண்மைதான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிய வழியும் இல்லை. பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பேட்டரி மட்டும் மூடிய பெட்டிக்குள் சூட்டில் காய்ந்துகொண்டிருக்கும். இரண்டாவது வருடம் மார்ச் கடைசியில் கரண்ட் போனது, டிக் என்று ஒரு சத்தம், அதோடு திரையும் இருண்டது. அன்று மதியம் முழுக்க அடித்த வவுச்சர்கள் போயின. அடியில் நான்கு ஸ்க்ரூவைக் கழற்றிப் பார்த்தால் பேட்டரி இரண்டு பக்கமும் உப்பி, தகட்டை நெம்பித்தான் வெளியே எடுக்க முடிந்தது. புதுப் பேட்டரி போட்டேன், அதுவும் இரண்டு வருடத்தைத் தாண்டவில்லை.

டியூபுலர் பேட்டரி கவனிப்பு கேட்கும், ஆனால் எப்போது கேட்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மேலே ஆறு மூடி, ஒவ்வொன்றிலும் ஒரு மிதவை. தண்ணீர் குறைந்தால் மிதவை இறங்கி சிவப்புக் கோட்டைத் தொடும். என் வீட்டில் கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, மற்ற நாளில் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுகிறேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், ஆசிட் கூடவே கூடாது. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும் என்பதால் படுக்கையறையில் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். ஐந்தாம் வருடம் தொடங்கியும் கணினி, மின்விசிறி, இரண்டு விளக்கோடு மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறது. மாற்றும்போது பழையதைக் கொடுத்தால் ஈயத்துக்காக ஒரு தொகை கழித்துக்கொள்வார்கள், சின்ன பேட்டரிக்கு அப்படிப் பெரிதாக எதுவும் கிடைக்காது.

இன்வெர்ட்டர் வைப்பவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் யுபிஎஸ் மோடு, நார்மல் மோடு என்று ஒரு சுவிட்ச் இருக்கும், கணினிக்கு யுபிஎஸ் மோடில் வையுங்கள். கரண்ட் போன பிறகு எஸ்எம்பிஎஸ் (கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை பெட்டி) தாக்குப்பிடிப்பது முழு லோடில் 16, 17 மில்லி செகண்ட்தான். நார்மல் மோடில் பேட்டரிக்கு மாற அதைவிட நேரம் எடுக்கலாம், அப்போது கணினி ரீஸ்டார்ட் ஆகிவிடும். ஸ்கொயர் வேவ் (சதுர அலையில் மின்சாரம் தரும்) இன்வெர்ட்டர் மலிவாகக் கிடைத்தாலும் கணினிக்கு வாங்காதீர்கள், ஆக்டிவ் பிஎஃப்சி (கரண்டைச் சீராக இழுக்கவைக்கும் சர்க்யூட்) உள்ள எஸ்எம்பிஎஸ்கள் அதோடு ஒத்துப்போகாமல் அணைந்துவிடலாம்.

யுபிஎஸ்ஸுக்கு ஒரு நல்ல பக்கம் உண்டு. ஏவிஆர் (வோல்டேஜைத் தானே சரிசெய்யும் வசதி) உள்ளது என்றால் வோல்டேஜ் இறங்கினாலும் பேட்டரியைத் தொடாமல் ஏற்றிக்கொடுக்கும். சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் அதைச் செய்யாது, வருகிற வோல்டேஜை அப்படியே விடும், மிகவும் குறைந்தால் பேட்டரிக்குத் தாவும். சாயங்காலமானால் 180க்கு இறங்கும் தெருவில் இருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினியையும் நான் இதில் ஓட்டிப் பார்த்ததில்லை.

எதை வாங்கினாலும் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். என் கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கும், ஸ்பைக் கார்டு (திடீர் வோல்டேஜ் ஏற்றத்தைத் தடுக்கும் பிளக் பெட்டி) இருக்கிறதே என்று விட்டுவிட்டேன். இன்வெர்ட்டர் மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் மீட்டர் வைத்தார், ஓரிரு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் 40க்கு மேல் காட்டியது. கொல்லையில் எர்த் கம்பி அரித்து அறுந்து கிடந்தது. புதுக் குழி போட்ட அன்றோடு சுர் நின்றது.