உருளி: வெண்கலமா, பித்தளையா?

கூடத்தில் பூ மிதக்கவும் வேண்டும், தைப்பொங்கலுக்கு அடுப்பில் ஏறவும் வேண்டும் என்று உருளி வாங்குபவர்களுக்காக இது. எங்கள் வீட்டில் எடுத்தது வெண்கலம். அதனால் அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

பார்வைக்கு இரண்டும் அழகுதான். பித்தளை விலை குறைவு. மதுரையில் மீனாட்சியம்மன் கோவிலைச் சுற்றியுள்ள பாத்திரக் கடைகளில் இரண்டையும் எடை போட்டுத்தான் தருவார்கள். பூவுக்கு மட்டும் என்றால் பித்தளையே போதும். ஆனால் பளபளப்புக்காக மேலே வார்னிஷ் அடித்த அலங்கார உருளியை அடுப்பில் வைக்கவே கூடாது.

சமையல் என்று வந்துவிட்டால் எல்லாம் ஈயப்பூச்சில் வந்து நிற்கிறது. பித்தளை, செம்பும் துத்தநாகமும் கலந்தது. புளியோ தயிரோ பட்டால் களிம்பு ஏறி, குழம்பு கசந்துவிடும். உள்ளே வெள்ளீயம் (டின்) பூசாமல் சமைக்க முடியாது. பூசுகிறவர் உட்புறத்தைத் தேய்த்துச் சுத்தம் செய்து, கரி அடுப்பில் காய வைத்து, நவச்சாரம் தூவி, ஈயத்தை உருக்கித் துணியால் சுழற்றித் துடைப்பார். எண்ணெய்ப் பிசுக்கு மிச்சம் இருந்தால் அந்த இடத்தில் ஈயம் பிடிக்காது. வாங்கி வரும்போது அடியும் சுவரும் சேரும் வளைவில் மஞ்சள் திட்டு தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். வெறும் உருளியைக் காய வைத்தாலும், எண்ணெய் புகையத் தாளித்தாலும் பூச்சு வழிந்து திட்டுத் திட்டாகும். கம்பி நார் பட்டால் தேயும். தேய்ந்ததும் மறுபடி பூச வேண்டும், பூசுகிற ஆளோ இப்போது தெருவில் வருவதில்லை, தேடிப் போக வேண்டியிருக்கிறது.

இதைவிடக் கவலை, வெள்ளீயத்தில் காரீயம் (லெட்) கலப்பது. அது நஞ்சு. பூசுவதற்கு முன் ஈயக் குச்சியைக் கேட்டு வாங்கி, காதருகே வைத்து வளையுங்கள். சுத்த வெள்ளீயம் 'கிரீச்' என்று முனகும். காரீயம் சத்தமில்லாமல் வளையும்.

வெண்கலத்தில் இந்தத் தொல்லை இல்லை. நல்ல வெண்கலம் என்றால் நூற்றுக்கு 78 பங்கு செம்பு, 22 பங்கு வெள்ளீயம். பொங்கலோ பாயசமோ பூச்சில்லாமலே வைக்கலாம். புளிக்குழம்பை மட்டும் அதிலும் இரவு முழுக்க விட்டுவைக்காதீர்கள்.

குறை ஒன்று உண்டு: வெண்கலம் உடையும். கல் தரையில் விழுந்தால் விரிசல்தான். சூட்டோடு பச்சைத் தண்ணீர் ஊற்றினாலும் அப்படித்தான். விரிந்ததைப் பற்றவைத்தால் பெரும்பாலும் நிற்காது. குழந்தைகள் ஓடியாடும் வீடு என்றால் பித்தளைக்காரர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

வாங்கும்போது சும்மாட்டின் மேல் உட்கார வைத்து விளிம்பைச் சுண்டுங்கள். மணி போல நீண்டு ஒலிக்க வேண்டும். 'டொக்' என்று அடங்கினால் விரிசலோ கலப்போ இருக்கிறது. பிறகு தண்ணீர் நிரப்பி, கொஞ்ச நேரம் கழித்து அடியைக் காய்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். வார்ப்பில் விழுந்த ஊசித்துளை ஈரமாகக் காட்டிக்கொடுத்துவிடும். இண்டக்ஷன் அடுப்புக்கு இரண்டுமே ஆகாது.

துலக்க உப்பும் புளியும் போதும், ஆனால் தேய்த்தவுடன் கழுவிவிடுங்கள். புளி ஊறினால் பித்தளையிலிருந்து துத்தநாகம் கரைந்து, செம்பு நிறத் திட்டு விழும். போர் தண்ணீர் உள்ள வீட்டில் ஈரத்தோடு கவிழ்க்காதீர்கள், உப்பு வளையம் படிந்துவிடும்.

பழசுக்குப் போடும்போது பித்தளையோடு சேர்த்து நிறுக்க விடாதீர்கள். வெண்கலத்தைத் தனியாக நிறுத்து, தனி விலை கேளுங்கள்.