சமச்சீர் பி.டி.எஃப்.: போனிலேயே படிக்கலாமா, பிரிண்ட் போடலாமா?

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற யாருடைய போனைத் திறந்தாலும், ஆறாம் வகுப்பு தொடங்கி, சமச்சீர் என்று சொல்லப்படும் பள்ளிப் பாடப்புத்தகங்கள் மொத்தமும் பி.டி.எஃப்.பாக இருக்கும். பாடநூல் கழகத்தின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. ஏதாவது ஒரு டெலிகிராம் குழுவில் சேர்ந்தால் கேட்காமலேயே வந்து விழும். இறக்கி வைத்துக்கொள்வதில் யாருக்கும் சிக்கல் இல்லை. அப்புறம் என்ன செய்வது என்பதில்தான் குழப்பம். போனிலேயே படித்துவிடலாம், காசு மிச்சம் என்று ஒரு கட்சி. ஜெராக்ஸ் கடைக்குப் போய் ஸ்பைரல் போட்டு வாங்கினால்தான் மண்டையில் ஏறும் என்று இன்னொரு கட்சி.

திரைக்கு ஆதரவாக முதலில் சொல்லப்படுவது தேடும் வசதி. ஆங்கிலப் புத்தகம் என்றால் அது உண்மைதான். ஒரு பெயரைத் தட்டினால் 300 பக்கத்தில் அது வருகிற இடமெல்லாம் வந்து நிற்கும், காகிதம் பக்கத்தில்கூட வர முடியாது. தமிழ் பி.டி.எஃப்.பில் அந்த வசதி பாதி நேரம் இருப்பதே இல்லை. இதைக் கணக்கில் எடுக்காமல் செய்கிற ஒப்பீடு, ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கான ஒப்பீடு.

சோதித்துப் பார்ப்பது எளிது. புத்தகத்தில் ஒரு வரியைத் தேர்ந்தெடுத்து நகலெடுத்து, வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். அதே வரி தமிழில் ஒழுங்காக வந்தால் அது யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியாக்கம்) கோப்பு, தேடலாம். எதையுமே தேர்ந்தெடுக்க முடியவில்லை என்றால் அது ஸ்கேன், வெறும் படம். மூன்றாவது வகைதான் ஆளை ஏமாற்றும். கண்ணுக்கு அழகான தமிழாகத் தெரியும், ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்து கொட்டும். பாமினி என்கிற பழைய எழுத்துருவில் அடித்த ‘அம்மா’வை ஒட்டினால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வரும். கணினிக்கு அது அம்மாவே இல்லை. இந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1999-இல் டாம், டாப் என்கிற இரண்டு தமிழ்க் குறியாக்கங்கள் தரமாக அறிவிக்கப்பட்டன. 2010-இல் தமிழக அரசு யூனிகோடுக்கு மாறச் சொன்னது. ஆனாலும் அச்சுக்குப் போகிற பக்கங்களைப் பழைய எழுத்துருவிலேயே வடிவமைக்கிற பழக்கம் லேசில் விடவில்லை.

யூனிகோடு என்றாலும் முழுசாக நம்ப வேண்டாம். ‘கொடி’யில் கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு, அடுத்து க, அதன்பின் கால். யூனிகோடு கணக்கில் முதலில் க, அதற்கப்புறம்தான் ஒகரக் குறி. கோப்பை உருவாக்கிய மென்பொருள் கண்ணுக்குத் தெரிகிற வரிசையிலேயே சேமித்துவிட்டால், நீங்கள் ‘கொடி’ என்று தேடும்போது ‘இல்லை’ என்றுதான் பதில் வரும். புத்தகத்தில் நாலு இடத்தில் இருக்கும். தேடி வரவில்லை என்பதால் பாடத்தில் இல்லை என்று முடிவு கட்டுவது ஆபத்து. ஸ்கேன் கோப்பாக இருந்தால் கூகுள் டிரைவில் ஏற்றி, டாக்ஸில் திறந்தால் தமிழ் எழுத்துகளை ஓரளவு நன்றாகவே பிரித்துக் கொடுக்கும். ஒரு பாடத்துக்குச் செய்யலாம். ஆறிலிருந்து பத்து வரைக்கும் செய்துகொண்டிருந்தால் படிப்பது எப்போது?

ஆக, தேடல் வேலை செய்கிற கோப்பு என்றால் திரைக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. வேலை செய்யாத கோப்பு என்றால் அது காகிதத்தின் குறை அத்தனையும் உள்ள, காகிதத்தின் வசதி எதுவும் இல்லாத ஒரு பொருள்.

சரி, தேடுவதை விடுங்கள். உட்கார்ந்து வரி வரியாகப் படித்து மனதில் நிறுத்துவதில் எது மேல்? இதற்கு ஆய்வே இருக்கிறது. 2000 முதல் 2017 வரை நடந்த 54 ஆய்வுகளை ஒன்றாகத் திரட்டி 2018-இல் ஒரு அலசல் வெளியானது. அவற்றில் பங்கேற்றவர்கள் மொத்தம் 1,70,000-க்கும் மேல். தகவல் சார்ந்த பாடங்களைக் காகிதத்தில் படித்தவர்களுக்குத்தான் கூடுதலாகப் புரிந்திருக்கிறது. நேர நெருக்கடி இருந்தபோது இடைவெளி இன்னும் விரிந்தது. கதை மட்டும் படித்தவர்களிடம் வித்தியாசம் தெரியவில்லை. திரை பழகப் பழகச் சரியாகிவிடும் என்று நினைத்தால் அதுவும் இல்லை, ஆண்டுகள் போகப் போக இடைவெளி கூடியிருக்கிறது. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்று சொல்ல மாட்டேன், சிறியதுதான். ஆனால் 200 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம் என்கிற தேர்வில் ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண். அந்த ஒன்றரையில் எத்தனை பேர் முன்னே போய்விடுவார்கள் என்பது கட்-ஆஃப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இந்த ஆய்வுகள் சொல்லாத ஒன்றும் உண்டு. நம்மில் பலர் படிப்பது கணினித் திரையில் அல்ல, ஆறு அங்குலப் போனில். ஏ4 அளவுக்கு அருகில் வடிவமைத்த பக்கத்தை அதில் முழுதாக வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பெரிதாக்கினால் வரி திரைக்கு வெளியே ஓடும். ஒவ்வொரு வரிக்கும் இடமும் வலமுமாகத் தள்ள வேண்டும். பெட்டிச் செய்தியும் இரண்டு பத்தியும் உள்ள சமூக அறிவியல் பக்கத்தில் ஐந்து நிமிடம் இதைச் செய்தால், எங்கே விட்டோம் என்பதே மறந்துவிடும். ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் ஒரே புத்தகத்தை ஏ4 பி.டி.எஃப்., ஆறு அங்குல பி.டி.எஃப்., திரைக்கு ஏற்ப வரி மடங்கும் இ-பப் என்று தனித்தனியாகக் கொடுக்கிறார்களே, காரணம் இதுதான். பாடப்புத்தகத்துக்கு அப்படி ஒரு ஏற்பாடு இருந்தால் இந்தக் கட்டுரையில் பாதியை எழுத வேண்டியிருக்காது. பத்து அங்குல டேப்லெட் இருந்தால் நிலைமை எவ்வளவோ தேவலை. கிண்டில் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு: நாவலுக்கு வாங்குங்கள், பாடப்புத்தக பி.டி.எஃப்.புக்காக ஆறு அங்குலக் கிண்டில் வேண்டாம். போனில் பட்ட அதே பாடுதான், வண்ணமும் கிடையாது.

கண் எரிச்சல், இடையில் வருகிற வாட்ஸ்அப், ரீல்ஸ் எல்லாம் ஊரறிந்த விஷயம். விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை.

காகிதப் பக்கத்துக்கு வருவோம். அவசரப்பட்டு பிரிண்ட் போடுகிறவர்கள் முதலில் இழப்பது வண்ணம். பாடப்புத்தகம் பல வண்ணத்தில் அச்சிடுவதற்காகவே வடிவமைக்கப்பட்டது. கருப்பு வெள்ளையில் எடுத்த புவியியல் பாடத்தைப் பாருங்கள். கரிசல் மண், செம்மண், வண்டல் மண் மூன்றும் ஒரே சாம்பல். குறிப்புப் பெட்டியில் இருக்கிற கட்டங்களும் சாம்பல். அந்த வரைபடம் இருந்தும் இல்லாத கணக்குதான். அப்படிப்பட்ட நாலைந்து பக்கத்தை மட்டும் கலரில் எடுக்கலாம், இல்லையென்றால் அந்த இடத்துக்கு மட்டும் போனைத் திறக்கலாம்.

அடுத்து, காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று தாளின் ஒரே பக்கத்தில் புத்தகத்தின் இரண்டு பக்கத்தைச் சுருக்கிப் போடுவது. ஏ4 பக்கம் ஏ5 ஆகச் சுருங்கினால் நீள அகலம் 71 சதவீதம் ஆகிறது. 11 புள்ளி எழுத்து 8 புள்ளிக்கும் கீழே போய்விடும். ஆங்கிலம் இதைத் தாங்கும். தமிழில் முதலில் பலியாவது மெய்யெழுத்தின் தலையில் இருக்கும் புள்ளி. ண-வும் ன-வும் சுழி எண்ணிப் பார்க்கிற நிலைக்கு வரும். ஏற்கெனவே ஜெராக்ஸ் எடுத்ததிலிருந்து மறுபடியும் ஜெராக்ஸ் எடுத்தால் இன்னும் மோசம். இருந்த புள்ளி மறையும், இல்லாத இடத்தில் தூசி புள்ளியாக விழும். பொதுத்தமிழில் 100 கேள்வி இருக்கிறது, அதில் பிழை திருத்தமும் கேட்பார்கள். எழுத்துப் பிழையோடு படித்துப் பழகுவது நமக்குத் தேவையா?

செலவையும் கொஞ்சம் கணக்குப் போடலாம். எங்கள் பக்கத்தில் கருப்பு வெள்ளை பக்கத்துக்கு ஒரு ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 250 பக்கப் புத்தகம் ஸ்பைரலோடு 300 ரூபாயைத் தொட்டுவிடும். பாடநூல் கழகம் வண்ணத்தில் அச்சிட்ட அதே புத்தகத்தின் பின்னட்டை விலையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். பழைய புத்தகக் கடையில் இன்னும் குறைவு, பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் கேட்டால் சும்மாவே கிடைக்கும். முழுப் புத்தகத்தையும் பிரிண்ட் போடுவதில் எனக்குச் சுத்தமாக உடன்பாடில்லை. காகிதம் வேண்டுமா, புத்தகத்தையே வாங்குங்கள். பிரிண்ட் என்பது புத்தகமாகக் கிடைக்காதவற்றுக்கு: பழைய பாடத்திட்டத்தின் ஒரு பாடம், முந்தைய ஆண்டு வினாத்தாள், கைப்படத் தயாரித்த குறிப்பு.

மரம் போகிறதே என்று கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இங்கே ஜெராக்ஸ் கடைகளில் அதிகம் புழங்கும் டி.என்.பி.எல். காகிதத்துக்குக் கரும்புச் சக்கை ஒரு முக்கிய மூலப்பொருள். கரூர் மாவட்டத்தில் இருக்கிற அந்த ஆலைக்கான நிறுவனம் 1979-இல் தொடங்கியதே அதற்காகத்தான். அதற்காகத் தாளை வாரி இறைக்கலாம் என்று அர்த்தமில்லை, ஆலைக்குத் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும்தான்.

வினாத்தாளைக் காகிதத்தில் எடுக்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. குரூப் 4 தேர்வு ஓ.எம்.ஆர். தாளில், கருப்பு பால்பாயிண்ட் பேனாவால் வட்டத்தை நிரப்பி எழுதுவது. வீட்டில் போனில் தொட்டுத் தொட்டு மாதிரித் தேர்வு எழுதிவிட்டு, அங்கே போய் 200 வட்டம் நிரப்பும்போதுதான் அதற்கும் நேரம் ஆகும் என்பது உறைக்கும். வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்களுக்கு இது அப்படியே தலைகீழ். அங்கே தேர்வே கணினியில். திரையில் நீளமான பத்தியைப் படித்துப் பதில் சொல்லும் பழக்கம் இல்லாமல், பிரிண்ட் போட்டுக் கோடு போட்டே பழகியவர்கள் திணறுவார்கள்.

திரைக்கே முழு மதிப்பெண் கொடுக்க வேண்டிய இடங்களும் உண்டு. மாத நடப்பு நிகழ்வுகளைத் தயவுசெய்து அச்செடுக்க வேண்டாம். தேர்வு தள்ளிப்போனால் பாதி பழசாகிவிடும். தேர்வாணையத்தின் அறிவிக்கையும் அப்படித்தான், எத்தனை முறை திறக்கப் போகிறோம்? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிற பழைய நூல்களின் ஸ்கேன்களையும் திரையில் பார்ப்பதே நல்லது. பழுப்பேறிய தாளின் படத்தை அச்சிட்டால் பக்கம் முழுக்கக் கருமை அப்பிக்கொள்ளும், டோனர்தான் வீண். திரையில் அதே பக்கத்தைப் பெரிதாக்கி, சிதைந்த எழுத்தைக்கூட ஊகித்துப் படித்துவிடலாம். ஆனால் ஒரு வேடிக்கை: பாடப்புத்தகத்தில் பாடத்துக்குப் பாடம் கியூஆர் குறியீடு இருக்கும். போனில் படிக்கிறவர் அதே போனின் கேமராவால் அதை ஸ்கேன் செய்ய முடியாது. ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை வேறொரு செயலியில் திறந்து என்று சுற்ற வேண்டும். காகிதத்தில் இருந்தால் காட்டினால் போதும்.

என்னைக் கேட்டால் அறிவியல், வரலாறு, தமிழ் மூன்றும் புத்தகமாக, பென்சிலோடு. கணக்குக்கு முந்தைய வினாத்தாள்கள் பிரிண்டாக. மற்றதெல்லாம் போனில், அதுவும் தேடல் வேலை செய்கிறதா என்று பார்த்த பிறகு.

பிரிண்ட் போடத்தான் போகிறீர்கள் என்றால், கோப்பைப் பென்டிரைவில் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய்விடாதீர்கள். “அண்ணா, எட்டாம் பக்கத்திலிருந்து முப்பதாம் பக்கம் வரைக்கும்” என்று சொல்வதற்கு முன்னால், அது கோப்பின் பக்க எண்ணா, பக்கத்தின் கீழே அச்சாகியிருக்கும் எண்ணா என்று பார்த்துக்கொள்ளுங்கள். முன்னட்டை, பொருளடக்கம் எல்லாம் சேர்ந்து இரண்டுக்கும் வித்தியாசம் வரும். “ஃப்ரண்ட் பேக்கா, சிங்கிளா?” என்று கேட்பார். படிக்கும் பாடம் என்றால் ஃப்ரண்ட் பேக் போதும், வினாத்தாள் என்றால் சிங்கிள், பின்பக்கம் கணக்குப் போட ஆகும். ஒரு தாள் வந்ததும் புள்ளிகள் தெளிவாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு மீதியை ஓடவிடச் சொல்லுங்கள். வீட்டில் இங்க்ஜெட்டில் எடுப்பதாக இருந்தால் ஹைலைட்டரை ஓரத்தில் ஒரு சொல்லில் தேய்த்துப் பாருங்கள், பல மைகள் ஈரம் பட்டதும் இழுக்கும். லேசர் பிரிண்டில் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் அதை மலிவான பிளாஸ்டிக் ஃபைலில் சொருகி வெயில் படுகிற இடத்தில் வைத்தால், சில மாதத்தில் எழுத்து தாளிலிருந்து உரிந்து பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். அட்டை ஃபைலே போதும்.