கோப்பு சரி, சுவர்?

அரசு வீட்டு உதவித் திட்டத்தில் நானும் பயனாளி என்பதால் தணிக்கையில் எங்கள் வீடும் மாட்டியது. வந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். வருமானச் சான்றையும் வங்கிக் கணக்கையும் ஒப்பிட்டது, ஒரே பெயர் இரண்டு பட்டியலில் இருக்கிறதா, இறந்தவர் பெயரில் பணம் போகிறதா என்று அலசியது எல்லாம் அருமை. ஆனால் வரும் தேதியைப் பத்து நாள் முன்பே சொல்லிவிட்டால் எப்படி? ஒப்பந்ததாரர் முதல் நாள் மாலையே ஓடிவந்து விரிசலில் பட்டி பூசி, மேலே வெள்ளையும் அடித்துவிட்டுப் போய்விட்டார். அது காயக்கூட இல்லை, தணிக்கையாளர் தொட்டதும் விரலில் ஒட்டிக்கொண்டது, துடைத்துக்கொண்டே படிவத்தில் 'திருப்தி' என்று டிக் அடித்தார்! சொல்லாமல் வந்திருந்தால் விரிசலுக்குள் விரலே போயிருக்கும். அப்புறம், அறிக்கை நகல் கேட்டேன், இன்னும் வரவில்லை. 5க்கு 2 நட்சத்திரம், அந்த இரண்டும் கணக்குப் பார்த்த அம்மாவுக்கு மட்டும்.