ஒரே சைரன், எதிரெதிர் கட்டளைகள்: கல்லூரி வளாக அவசர எச்சரிக்கைச் சேவை ஒரு மதிப்பாய்வு

எங்கள் கல்லூரி வளாகத்தின் அவசரகால ஏற்பாடுகள் அனைத்தும் இப்போது ஒரு தனியார் நிறுவனத்தின் பொறுப்பில் உள்ளன. குறுஞ்செய்தி, செயலி அறிவிப்பு, ஒலிபெருக்கி, சைரன் ஆகியவற்றை ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து இயக்குவதும், தீயணைப்பான்களைப் பராமரிப்பதும், வெளியேறும் ஒத்திகைகளை நடத்துவதும் அந்த ஒப்பந்தத்தில் அடங்கும். வேதியியல் ஆய்வகத்தில் பணிபுரிபவன் என்ற முறையில் இச்சேவையை அன்றாடம் பார்த்து வருகிறேன். எச்சரிக்கை எத்தனை பேரைச் சென்றடைந்தது என்பதைவிட, அதைப் பெற்றவர்கள் உடனே சரியானதைச் செய்தார்களா என்பதையே இங்கு அளவுகோலாகக் கொண்டிருக்கிறேன்.

நிறைவளித்த பகுதி தீயணைப்புக் கருவிகளின் பராமரிப்பு. மின்கருவிகள் உள்ள இடங்களில் கரியமில வாயு தீயணைப்பான், பொதுக் கூடங்களில் உலர்தூள் தீயணைப்பான் என்று இடத்திற்கு ஏற்பப் பொருத்தியிருக்கிறார்கள். உலர்தூள் தீயணைப்பான்களில் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்பதை மாதந்தோறும் பார்த்து அட்டையில் கையொப்பமிடுகிறார்கள். சோடியம் உலோகம் வைத்திருக்கும் அலமாரியின் அருகில், யாரும் கேட்காமலேயே, உலர்மணல் வாளியை வைத்தது எனக்கு மிகுந்த மதிப்பை ஏற்படுத்தியது. எரியும் சோடியத்தின் மீது நீர் பட்டால் ஹைட்ரஜன் வெளிப்பட்டுத் தீ பெருகும் என்பதும், வழக்கமான தீயணைப்பான்கள் அங்கே உதவாது என்பதும் தெரிந்தவர்களே அதைச் செய்திருக்க முடியும்.

எச்சரிக்கை வந்து சேரும் வேகத்திலும் பெரிய குறையில்லை. குறுஞ்செய்தி ஒவ்வோர் எண்ணுக்கும் தனித்தனியே செல்வதால், ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும்போது சிலருக்குத் தாமதமாகக் கிடைப்பது இயல்பு. அந்த இடைவெளியை ஒலிபெருக்கி ஈடுசெய்கிறது.

என் முதன்மையான குறை, எல்லா ஆபத்துகளுக்கும் ஒரே சைரன் ஒலியை வைத்திருப்பது பற்றியது. தீ என்றால் கட்டடத்தை விட்டு வெளியேற வேண்டும். வெளியே நச்சுவாயு கசிந்தால் சன்னல்களை அடைத்துக்கொண்டு உள்ளேயே இருக்க வேண்டும். ஆயுதம் ஏந்திய ஒருவர் வளாகத்தில் நடமாடினால், தப்பிச் செல்லப் பாதுகாப்பான வழி இல்லாதவர்கள் கதவைத் தாழிட்டு ஒளிந்திருக்க வேண்டும். இவ்வாறு ஒன்றுக்கொன்று முரணான செயல்களை ஒரே ஒலியால் உணர்த்த இயலாது. தொடர்ந்து வரும் குறுஞ்செய்தியும், அவசரநிலை ஏற்பட்டுள்ளது, எச்சரிக்கையாக இருக்கவும் என்பதோடு நின்றுவிடுகிறது.

இதன் விளைவு எத்தகையது என்பதற்கு, 2007 ஏப்ரல் 16 அன்று அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்த துயரம் சான்று. காலை ஏழேகால் மணியளவில் விடுதியில் முதல் துப்பாக்கிச்சூடு நடந்தது. வளாகத்தினருக்கு முதல் மின்னஞ்சல் 9.26 மணிக்குத்தான் சென்றது. அதுவும் எச்சரிக்கையாக இருக்குமாறு கூறியதே தவிர, வகுப்புக்குச் செல்வதா, அறையிலேயே இருப்பதா என்பதைச் சொல்லவில்லை. சற்று நேரத்தில் வகுப்பறைகளில் அடுத்த தாக்குதல் தொடங்கியது. அன்று கொல்லப்பட்டவர்கள் 32 பேர். ஆபத்து உறுதியானவுடன் வளாகத்தினருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்று 2008இல் அந்நாட்டுச் சட்டம் திருத்தப்பட்டது. ஆகவே, செய்யவேண்டிய செயலை முதல் சொற்களிலேயே கூறும் வாசகங்களை ஒவ்வோர் ஆபத்துக்கும் முன்கூட்டியே எழுதி ஒலிபெருக்கியில் பதிவுசெய்து வைக்குமாறு நிறுவனத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது பொய் எச்சரிக்கைகள். விடுதிச் சமையலறையை ஒட்டிய நடைவழியில் புகை உணரி பொருத்தப்பட்டிருப்பதால், தாளிக்கும் புகைக்கெல்லாம் மணி ஒலிக்கிறது. மாணவர்கள் படுக்கையை விட்டு எழுவதே இல்லை. அவர்களைக் கடிந்துகொள்வதில் பயனில்லை. 2000 ஜனவரியில் அமெரிக்காவின் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் தீப்பிடித்தபோதும், அடிக்கடி வந்த பொய் எச்சரிக்கைகளுக்குப் பழகியிருந்த மாணவர்களில் பலர் மணியோசையை முதலில் பொருட்படுத்தவில்லை. அத்தீயில் மூன்று மாணவர்கள் உயிரிழந்தனர். சமையலறையை ஒட்டிய இடத்தில் வெப்ப உணரியைப் பொருத்தினால் இச்சிக்கல் பெருமளவு தீரும். இதைத் தெரிவித்தும் நிறுவனம் இன்னும் நடவடிக்கை எடுக்கவில்லை.

ஒத்திகைகள் ஒழுங்காக நடக்கின்றன. ஆனால் எல்லாமே முன்னறிவிப்புடன், பகலில், வகுப்புக் கட்டடங்களில் மட்டுமே. தீ ஏற்பட்டால் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி எல்லாச் சுவர்களிலும் ஒட்டப்பட்டிருக்கிறது. சக்கர நாற்காலியில் வரும் மாணவி மூன்றாம் மாடியிலிருந்து எப்படி இறங்குவது என்பதற்கு எங்கும் விடையில்லை. படிக்கட்டில் இறக்கும் நாற்காலி ஒன்று வாங்கப்பட்டுப் பூட்டிய கிடங்கில் இருக்கிறது. திடீரெனத் தாறுமாறாகத் துடித்து இரத்தத்தைச் செலுத்த முடியாமல் போன இதயத்தை மின்னதிர்வால் சீராக்க முயலும் தானியங்கிக் கருவியும், மாலையில் பூட்டப்படும் நிர்வாகக் கட்டடத்துக்குள் மாட்டப்பட்டுள்ளது. மார்பழுத்த முதலுதவி கிடைக்காவிட்டால், மின்னதிர்வு தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்திற்கும் பிழைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. மாணவர்கள் மாலையில்தான் மைதானத்தில் ஓடுகிறார்கள்.

பகலில் மட்டும் இயங்கும் கல்லூரிகளுக்கு, சைரன் ஒலிகளையும் செய்தி வாசகங்களையும் ஆபத்துக்கு ஆபத்து வேறுபடுத்தித் தர எழுத்துமூலம் ஒப்புக்கொண்டால், இச்சேவையைப் பரிந்துரைக்கிறேன். விடுதியுள்ள வளாகங்கள், முன்னறிவிப்பில்லாத இரவு ஒத்திகை ஒப்பந்தத்தில் சேர்க்கப்படும் வரை கையொப்பமிட வேண்டாம்.