லேப்டாப்பில் வைஃபை கார்டு மாற்றியதாகச் சொல்லிப் பணம் பறிக்கிறார்கள், கோத்தகிரி குன்னூர் பக்கம் இருப்பவர்கள் கவனம்

அப்பாவிடம் இருப்பது பழைய டெல் லேப்டாப். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது, விண்டோஸ் 11 கேட்கிற டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் இதில் கிடையாது. அதனால் சித்தப்பா பையன் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச சிஸ்டத்தைப் போட்டுக் கொடுத்தான். எல்லாம் நன்றாக ஓடியது, வைஃபை மட்டும் ஒரு நெட்வொர்க்கையும் காட்டவில்லை.

நான் ஊரில் இல்லாத நேரம். அப்பா கோத்தகிரியிலிருந்து பஸ் ஏறி ஊட்டியில் ஒரு கடையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். "மலை ஈரத்துல கார்டு செத்துப்போச்சு சார், கீழ கோயம்புத்தூர்ல இருந்துதான் வரணும்" என்று சொல்லி, அப்புறம் புது கார்டு போட்டாச்சு என்று 2,800 ரூபாய் வாங்கிவிட்டார்கள். பில் கிடையாது. மிஸ்ட்டில் கேமரா லென்ஸில்கூடப் பூஞ்சை பிடிக்கிற ஊர் இது, அப்பா நம்பாமல் என்ன செய்வார்? ஆனால் முந்தைய நாள் வரை விண்டோஸில் ஒழுங்காக வேலை செய்த கார்டு, சிஸ்டம் மாற்றிய அன்றைக்கே பார்த்து ஈரத்தில் சாகுமா?

வீட்டுக்கு வந்ததும் ரவுட்டரில் இணைந்த கருவிகளின் பட்டியலைப் பார்த்தேன். லேப்டாப்பின் மேக் அட்ரஸ், அதாவது வைஃபை கார்டின் அடையாள எண், பழையதேதான், ஓர் எழுத்துகூட மாறவில்லை. அந்த எண் தயாரிக்கும்போதே கார்டிலேயே பதிந்து வருவது, புது கார்டு என்றால் எண்ணும் வேறாக இருக்க வேண்டும். டெர்மினலில் எல்எஸ்பிசிஐ (உள்ளே இருக்கும் கார்டுகளைப் பட்டியலிடும் கட்டளை) கொடுத்துப் பார்த்தாலும் அதே பழைய பிராட்காம் பிசிஎம்4312 கார்டுதான். இந்த வகைக்கு மின்ட்டில் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) தனியாக நிறுவ வேண்டும், அவர்கள் செய்தது அந்த வேலை மட்டும்தான். போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி, அதன் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் டெதரிங் போட்டு, டிரைவர் மேனேஜரைத் திறந்து பிராட்காம் டிரைவரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் செய்தால் போதும், செலவு பூஜ்யம். அதற்கு உழைப்புக் கூலி என்று முந்நூறு ரூபாய் கேட்டிருந்தால் சந்தோஷமாகக் கொடுத்திருப்போம்.

போன் செய்து கேட்டால் "புது கார்டுலயும் அதே நம்பர்தான் வரும்" என்கிறார் கடைக்காரர்! சரி, கழற்றிய பழைய கார்டைக் கொடுங்கள் என்றேன். குப்பையில் போட்டாச்சாம்.

விண்டோஸை அப்டேட் செய்த பிறகு வைஃபை போனாலும் கடைக்கு ஓடாதீர்கள். டிவைஸ் மேனேஜரில் நெட்வொர்க் அடாப்டரைத் திறந்து பழைய டிரைவருக்கே திரும்பும் ரோல் பேக் டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். கடைக்குக் கொடுத்தே ஆக வேண்டுமென்றால் மேக் அட்ரஸைக் குறித்து வைத்துக்கொண்டு, கழற்றும் பாகம் திரும்ப வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பில்லும் கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுக்கப் போகிறேன். பில் இல்லாததால் அப்பா பணம் அனுப்பிய ஜிபே ஸ்கிரீன்ஷாட்டும் ரவுட்டர் பட்டியலும்தான் இப்போது கையில் இருக்கின்றன.