தானிய ட்ரையருக்கு நேரடி பர்னரா, ஹீட் எக்ஸ்சேஞ்சரா? தீ அபாயத்தை வைத்து ஓர் அலசல்

பர்னரின் சுடர் பட்ட காற்றையே தானியத்துக்குள் செலுத்துவது நேரடி முறை. உலையைத் தனியே எரித்து, ஹீட் எக்ஸ்சேஞ்சர் குழாய்களின் மேல் சுத்தமான காற்றை ஓட்டிச் சூடாக்குவது மறைமுக முறை. நாங்கள் எடுத்தது இரண்டாவது. உலையில் எரிப்பது உமி.

வாங்கும் விலை, எரிபொருள் சிக்கனம் இரண்டிலும் நேரடி முறைதான் மேல். கேஸ் வால்வை மூடினால் சுடர் அந்த நொடியே அணையும் என்பதும் பெரிய வசதி.

அதன் பலவீனம் ஃபேன் காற்றை இழுக்கும் வாயில் இருக்கிறது. சூரியகாந்தி விதையிலிருந்து உதிரும் மெல்லிய இழையும் மக்காச்சோளத்தின் சவ்வுத் தோலும் ட்ரையரைச் சுற்றி மிதந்துகொண்டே இருக்கும். ஃபேன் அவற்றை உள்ளிழுத்தால் சுடரில் பட்டுப் பொறியாகி, தானியத்தைத் தாங்கும் துளைத் தகட்டில் ஒட்டிக் காய்ந்திருக்கும் குப்பையில் போய் விழும். காற்றை உயரத்திலிருந்தோ, தூசி வராத பக்கத்திலிருந்தோ குழாய் வழியாக எடுத்தால் அபாயம் வெகுவாகக் குறையும். ஆனாலும் வெப்பக் காற்று அறையை அடிக்கடி பெருக்காமல் முடியாது. சூரியகாந்தி ஓடும்போது தினமும் பெருக்க வேண்டும்.

மறைமுக முறையில் அந்தச் சுடர் தானியக் காற்றுக்கு வெளியே நிற்கிறது. எக்ஸ்சேஞ்சரில் விரிசல் இல்லாதவரை மட்டுமே இது உண்மை. எனவே பராமரிப்பின் மொத்தக் கவனமும் அங்கேதான் போக வேண்டும். ஒவ்வொரு முறை பற்றவைத்து அணைக்கும்போதும் இரும்பு விரிந்து சுருங்கும்; குழாய் தகட்டோடு சேரும் வெல்டிங்தான் முதலில் விடும். உட்புறம் சாம்பலும் கரியும் படிந்தால் காற்று போதிய சூடு ஏறாது. ஆள் இன்னும் எரிபொருள் தள்ளுவார். குழாய் முனை கருகும்.

ஃபேன் எங்கே நிற்கிறது என்பதை வாங்கும் முன்பே பாருங்கள். எக்ஸ்சேஞ்சருக்கு முன்னால் நின்று தள்ளினால் காற்றுப் பக்கம் அழுத்தம் கூடுதல். விரிசல் விழுந்தாலும் நல்ல காற்றுதான் புகைபோக்கிக்குள் கசியும். பின்னால் நின்று இழுத்தால் அதே விரிசல் வழியாகப் பொறி நேரே தானியத்துக்கு வரும். உலை ஆறியதும் இருட்டில் நெருப்புப் பக்கம் பளிச்சென்ற விளக்கை வைத்து, காற்றுப் பக்கத்திலிருந்து பாருங்கள். வெல்டிங் ஓரத்தில் வெளிச்சக் கோடு தெரிந்தால் அதைச் சரிசெய்யாமல் பற்றவைக்கக் கூடாது.

மறைமுக முறையின் உண்மையான குறை மின்தடையின்போது தெரியும். ஃபேன் நின்றாலும் உமி உலை நிற்காது. அதனால் மின்சாரம் போனதும் எடையால் தானே திறந்து சூட்டை வெளியேற்றும் அவசரப் புகைபோக்கி கட்டாயம் வேண்டும்.

தேங்கிய தானியம் பற்றுவதை இரண்டு முறையுமே தடுக்காது. ட்ரையருக்குள் தானியம் இறங்கி வரும் பத்திகளில் ஒன்றை வைக்கோல் துண்டு அடைத்து அங்கே தானியம் நகராமல் நின்றால், ஈரம் முழுதும் போனபின் அங்கே வெளிவரும் காற்றின் சூடு ஏறத் தொடங்கும். பத்திக்கு ஒரு சென்சார் இருந்தால் பக்கத்துப் பத்தியோடு ஒப்பிட்டுப் புகை வருமுன்பே பிடித்துவிடலாம். வெளியேறும் மொத்தக் காற்றுக்கு ஒரே சென்சார் என்றால் அந்த ஏற்றம் சராசரியில் மறைந்துவிடும். முன்சலிப்பு சல்லடையும், மேலே தானியம் குறைந்தால் சூட்டை நிறுத்தும் மட்ட ஸ்விட்சும் இரண்டுக்கும் தேவை.

பற்றிவிட்டால் முதலில் சூட்டை நிறுத்துங்கள். உமி உலையென்றால் அவசரப் புகைபோக்கியைத் திறந்துவிடுங்கள். ஃபேனையும் உடனே நிறுத்தி காற்று வழியை அடைக்கும் டேம்பர் தகடுகளை மூடுங்கள். ஃபேன் ஓடினால் கனல் தீயாகும். கனன்ற தானியத்தை எலிவேட்டரில் ஏற்றவே கூடாது, தானியம் சேமிக்கும் சைலோவுக்கும் தீ போய்விடும். அவசரக் கதவு வழியாகத் திறந்தவெளியில் கொட்டித் தண்ணீர் அடிக்க வேண்டும்.

கேஸில் மக்காச்சோளம் மட்டும், அதுவும் ஒரே பருவம் ஓட்டும் சிறிய ஆலைக்கு நேரடி முறையே போதுமானதாக இருக்கலாம். சூரியகாந்தியோ உமி உலையோ இருந்தால் நான் மறைமுக முறையைத்தான் சொல்வேன். சூடாக்கிய எண்ணெய் (தெர்மிக் எண்ணெய்) அல்லது நீராவியால் காற்றைச் சூடாக்கும் வழிகளில் எங்களுக்கு அனுபவம் குறைவு. அவற்றை இந்த ஒப்பீட்டில் சேர்க்கவில்லை.